மூன்றாம் நாள் ஆறு

ஆரணியாறு இதுவரை கோதண்டத்தின் பேச்சைத் தட்டியதில்லை. இதைச் சொன்னது கோதண்டமேதான். புரட்டாசியில், ஏரியில் வலை கட்டும் முறைக்குச் சீட்டு எடுப்பதற்காக லைட்ஹவுஸ் குப்பத்து ஆண்கள் எல்லாரும் கூடியிருந்த பொதுக்கூடத்தில் எழுந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொன்னான். சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"மேற்க மழ பேஞ்சா மூணாம் நாள் ஆறு இங்க வரும். வந்து மொகத்துவாரத்த ஒடைக்கும். அதுக்கு வேற வழி தெரியாது. இந்தக் காத்திகைக்குள்ள ஆறு வரலைன்னா, அதுக்கப்புறம் இந்த ஊருல நான் வாயத் தொறக்க மாட்டேன்."

கூட்டம் முதல் பாதியைக் காதில் வாங்கவில்லை. இரண்டாவது பாதியை மட்டும் ஆவலோடு குறித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் கணக்கு கோதண்டத்தின் நைனா காலத்தது. அந்தக் காலத்தில் மேற்கே மலைப் பக்கம் மின்னினால் போதும், அவர் கழிகளை எண்ணெய் போட்டு எடுத்து வைத்துவிடுவார். மழைத் தண்ணீர் ஏரி ஏரியாகத் தங்கி, நிரம்பி, வழிந்து, ஆற்றில் இறங்கி, மூன்றாம் நாள் செம்மண் நிறத்தில் பழவேற்காட்டுக்கு வந்து சேரும். வந்தது மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கோடையில் மண் மேவி அடைத்துக்கொண்ட முகத்துவாரத்தை அந்தத் தண்ணீர் தள்ளித் திறக்கும். திறந்த வாய் வழியாகக் கடல் இறால் உள்ளே வரும், வளர்ந்த இறால் வெளியே போகும், நடுவில் ஊர் வலை கட்டும். நைனா இதைத் தன்னுடைய சாமர்த்தியம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குறையைக் கோதண்டம் நிவர்த்தி செய்தான். 'ஆறு வருது' என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கி, தினமும் விடிந்ததும் அதில் வானிலைக் குரல் செய்தி போட்டான். சில சமயம் அவன் குரலுக்குப் பின்னால் அவன் பொண்டாட்டி அமுதவல்லி பாத்திரம் துலக்கும் சத்தமும், "இன்னாய்யா, ஆறு வர்றது இருக்கட்டும், பால் வாங்கிக்கினு வா" என்ற இன்னொரு முன்னறிவிப்பும் கேட்கும்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏரியில் இறால் நடக்கிற வழி கொஞ்சம், வலை நிறைய. அதனால் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனுக்கும் ஒரு முறை. சீட்டில் எந்த நாள், எந்த இடம் விழுகிறதோ, அன்றைக்கு அங்கே அவன் மட்டும்தான் கழி நட்டு வலை கட்டலாம். அதற்குப் பெயர் பாடு. இறால் வந்தாலும் சரி, காற்று வந்தாலும் சரி, அந்த நாள் போனால் போனதுதான். அடுத்த முறை ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும். இரண்டு பேர் நாளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லார் முன்னாலும் சொல்லி மாற்ற வேண்டும், மாற்றியதைத் திரும்ப மாற்றக் கூடாது. கடைசியாக ஒன்று. யார் வீட்டு அடுப்பு ஊரில் எரிகிறதோ அவனுக்குத்தான் பாடு. குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனவன் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். திரும்பி வந்தாலும் சேர்க்க மாட்டார்கள்.

அந்த வருடம் கோதண்டத்துக்கு ஐப்பசி ஆரம்பத்தில் முகத்துவாரக் கால்வாயில் ஒரு நாள் விழுந்தது. இடம் நல்ல இடம். நாள்தான் ஆகவில்லை. முகத்துவாரம் அடைத்துக் கிடந்தது. ஊர்ப் பையன் பூவரசனுக்கு அதே இடத்தில் கார்த்திகை அமாவாசை விழுந்தது. ஆவணியில்தான் அவனுக்கும் செவ்வந்திக்கும் கல்யாணம் ஆகியிருந்தது, அதுதான் அவன் எடுத்த முதல் சீட்டு. அதற்குள் ஆறு வந்து வாய் திறந்துவிடும் என்பதில் கோதண்டத்துக்குச் சந்தேகம் இல்லை. எனவே பூவரசனின் தோளில் கைபோட்டு, புதுசாகக் கல்யாணமானவன் கார்த்திகை வரைக்கும் கை கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உருக்கமாக எடுத்துச் சொன்னான். தன் நாளை எடுத்துக்கொள்ளும்படியும், அமாவாசையைத் தான் சகித்துக்கொள்வதாகவும் சொன்னான்.

பூவரசன் முட்டாள் இல்லை. ஆனால் செவ்வந்திக்கு மசக்கை, வீட்டில் அரிசி இல்லை. "சரி மாமா," என்றான். எல்லார் முன்னாலும் மாற்றிக்கொண்டார்கள்.

கோதண்டம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அமுதவல்லி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"கைல இருந்தத குடுத்துட்டு, ஆத்துல இருக்கறத வாங்கிக்கினு வந்துகிற," என்றாள். "ஆறு எங்ககீது?"

"வரும்."

அமுதவல்லியின் அண்ணன் ஹரிஹரன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் மேஸ்திரி. அங்கே தங்கச்சிக்கு வேலை, தங்கச்சி புருஷனுக்குக் கேட்டில் வாட்ச்மேன் வேலை, அவர்கள் மகள் தேவகிக்குப் பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் பேசி வைத்துவிட்டு இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அமுதவல்லி அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பேச்சைத் தானே எடுத்தாள். இந்த அமாவாசைப் பாட்டில் வலை நிறைந்தால் ஊரில் இருக்கலாம். இல்லையென்றால் அண்ணன் வண்டி அனுப்புவார், போய்விட வேண்டியதுதான்.

"சரி," என்றான் கோதண்டம். போக வேண்டிய அவசியமே வராது என்று தெரிந்த மனிதன் சொல்கிற சரி அது. நைனாவின் பாடு, அவருடைய நைனாவின் பாடு, அடுப்போடு சேர்ந்து அந்தச் சரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஐப்பசி வந்தது. மழை வரவில்லை. முகத்துவாரத்தின் மேல் பையன்கள் பைக் ஓட்டினார்கள். கடல் ஒரு பக்கம், ஏரி ஒரு பக்கம், நடுவில் மணல், ஒன்றையொன்று பேசாத பங்காளிகள் மாதிரி. ஏரித் தண்ணீர் வெயிலில் சுண்டிச் சுண்டி உப்பு காய்ச்சுகிற பதத்துக்கு வந்தது. கரையோரம் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி ஒதுங்கின. நாற்றம் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது.

பூவரசன் தனக்குக் கிடைத்த நாளில் வலை கட்டினான். ஏரி சுருங்கியதால் இருந்த கொஞ்சம் இறாலும் கால்வாய்ப் பள்ளத்தில்தான் அடைந்து கிடந்தது. பொடிசுதான், ஆனால் கூடை கூடையாக விழுந்தது. கோதண்டம் கரையில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பொடி இறாலைப் பிடிப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பது போன்றது என்று குழுவில் ஒரு குரல் செய்தி போட்டான். அன்று மாலை பூவரசன் கொடுத்தனுப்பிய பொடி இறாலில் அமுதவல்லி தொக்கு செய்தாள். கோதண்டம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

மற்ற வீடுகளில் அதுவும் இல்லை. பெண்கள் ஏரியில் இறங்கினார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் மண்டிபோட்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி, விரலுக்கடியில் துடிக்கிற இறாலை அமுக்கி எடுத்து, பல்லில் கவ்விய பனையோலைப் பறியில் போடுவார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறிக்கு வாயைவிட்டால் வேறு இடமில்லை. காலையில் போனால் வெயில் ஏறும்வரை தடவி, ஒரு குழம்புக்குத் தேறினால் பெரிது. அமுதவல்லியும் போனாள்.

கோதண்டத்துக்கு அதுதான் தாங்கவில்லை. படகு ஒதுக்கும் இடத்தில் ஆண்கள் வலை பின்னிக்கொண்டிருந்தபோது, பெண்கள் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்.

"பாருங்கடா, மூக்குத்தியத் தொலச்சவ மாரி ஏரியப் போட்டுத் தடவறதப் பாரு. பூனை குட்டியக் கவ்வுற மாரி வாயில பறி வேற. பாடு கட்றவன் ஏரிக்குள்ள நிப்பான், மண்டி போட மாட்டான். வாயி இன்னாத்துக்குகீது? பேசறதுக்கு."

அமுதவல்லி பறியை வாயிலிருந்து எடுத்தாள். "உனுக்கு அதுக்கு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு மறுபடி கவ்விக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்தது. குழுவில் கோதண்டத்தின் குரல் செய்திகள் சுருங்கின. மேற்கே மழை பெய்ததாக ஒருநாள் செய்தி வந்தது. மூன்றாம் நாள் வந்தது, ஆறு வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. யாரோ குழுவில் ஒரு ஆமைப் படம் போட்டார்கள். கோதண்டம் பூவரசனின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஆறு எங்கே நின்றுவிட்டது என்று பார்த்துவரக் கிளம்பினான். கூப்பிட்டால் வராத மாட்டைத் தேடிப் போகிறவன் முகத்தோடு போனான்.

பொன்னேரி தாண்டி ஆற்றங்கரையோடு மேற்கே போனார்கள். ஆறு இருந்த இடத்தில் குழிப்பணியாரச் சட்டி இருந்தது. மணல் அள்ளிய பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கலங்கல் தண்ணீர், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கொக்கு. போன வாரத்து மழை அங்கேதான் இருந்தது. ஆறு ஏமாற்றவில்லை. கிளம்பித்தான் இருக்கிறது. வழியில் விழுந்து விழுந்து எழ முடியாமல் கிடந்தது.

அதற்கு மேலே, நைனா பெயர் சொல்லிப் பழக்கிய ஏரி ஒன்று இருக்க வேண்டும். ஏரிக்குப் பதில் ஒரு பெரிய வளைவு நின்றது. 'ஆற்றங்கரை நகர்' என்று பிளக்ஸ், கலர் கலராய் முக்கோணக் கொடிகள், மஞ்சள் அடித்த மனைக்கற்கள், நடுவில் தார்ச்சாலை. குடைக்கு அடியில் டை கட்டிய ஒரு பையன் இவர்களை மனை வாங்க வந்தவர்களாக நினைத்து மோர் கொடுத்தான்.

"பக்கத்துலயே ஆறு சார்."

"எங்க?" என்றான் கோதண்டம்.

"வரும் சார். மழ பேஞ்சா வரும்."

கோதண்டம் மோரை முழுதாகக் குடிக்கவில்லை. தன் வசனத்தை அடுத்தவன் வாயில் கேட்பது அவனுக்கு என்னவோ போல இருந்தது.

அணைக்கட்டில் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. மேல் பக்கம் ஆகாயத்தாமரை மூடிய கொஞ்சம் தண்ணீர், கீழ்ப் பக்கம் மணலில் ஆடுகள். கரையில் வயல் வைத்திருந்த தருமலிங்கம் இவர்கள் பழவேற்காட்டுக்காரர்கள் என்றதும் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, முதல் காரியமாக உட்காரச் சொன்னார். அவர் பொண்டாட்டி பவுனம்மாள் டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்த பூவரசன் கோதண்டத்தைப் பார்த்தான். டீ கரித்தது.

"சக்கர போட்டுகிறேன்பா," என்றாள் பவுனம்மாள். "போர்ல கடல் தண்ணி ஏறிச்சு. எவ்ளோ போட்டாலும் அப்டித்தான்."

கடலிலிருந்து இத்தனை தூரம் வந்து கோதண்டம் கடலைக் குடித்தான். ஆறு இறங்க வேண்டிய வழியில் அது ஏறி வந்துகொண்டிருந்தது. அவன் இதைப் பற்றி எந்தக் குரல் செய்தியும் போடவில்லை.

ஷட்டரைக் கொஞ்சம் தூக்கச் சொல்லக் கூடாதா என்று பூவரசன் கேட்டான். தூக்கினால் தண்ணீர் அடுத்த மணல் குழிவரைக்கும் போகும் என்றார் தருமலிங்கம். அதற்கப்புறம் தன் போரில் உப்பு இன்னும் ஏறும், பயிர் கருகும், பழவேற்காட்டுக்கு ஒரு சொட்டும் வந்து சேராது. ஆளுக்கு ஒரு டம்ளர் மொண்டுகொண்டதில் ஆறு தீர்ந்துபோய்விட்டது, இதில் எந்த டம்ளரைப் பிடுங்குவது என்று அவருக்கே தெரியவில்லை. தானும் போர் போட்டவர்தான் என்பதையும் அவரே சொன்னார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"வரலைன்னு அழறோம். வந்தாலும் பேஜார்தான்பா. ஏரிங்க எல்லாம் மனையாப் பூட்ச்சி, தண்ணி எங்க தங்கும்? மழயும் முன்ன மாரி மாசம் பூரா பேயறதில்ல. ஒரே நாள்ல கொட்டுது. போன வருசம் சாயந்தரம் கொட்னது விடியறதுக்குள்ள என் நாத்த வாரிக்கினு பூட்ச்சி."

"ஆறு மூணாம் நாள்தாங்க வரும்," என்றான் கோதண்டம் மரியாதையாக. "எங்க நைனா கணக்கு. தப்பினதில்ல."

தருமலிங்கம் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொரு டீ குடிக்கிறாயா என்று கேட்டார்.

அமாவாசைக்கு முந்தின நாள் மேற்கே பொழுது சாய்கிற நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. செல்போனில் மேற்கு மாவட்டங்கள் எல்லாம் சிவப்பாக இருந்தன. வங்காள விரிகுடாவில் புயல் சின்னம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, கடலுக்கு யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோதண்டம் குழுவில் வெகுநாளைக்குப் பிறகு நீளமான குரல் செய்தி போட்டான். மழை இன்றைக்குத் தொடங்குகிறது. நாளை அமாவாசை, தன் பாடு. நாளை மறுநாள்தான் ஆறு. புது மழை விழுந்ததும் ஏரிக்குள் இருக்கிற இறால் எல்லாம் கடல் வாடை தேடி முகத்துவாரப் பக்கம் நடக்கும், நேராகத் தன் வலைக்குள். மறுநாள் வலையை அவிழ்த்த பிறகு ஆறு வந்து வாயைத் திறக்கட்டும். இப்படி ஒரு ஏற்பாட்டை அவன் நைனாகூடச் செய்ததில்லை.

அமாவாசை மாலை. விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பூவரசன் கழிகளைப் படகில் ஏற்ற உதவினான். ஏற்றிவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"மாமா, அந்த நெல்லுக்காரர் சொன்னாரே. ஒரே ராத்திரில வரும்னு."

"அவுரு பயிர் வெக்கறவர்டா. தண்ணியப் பாத்தா பயம்."

"இன்னிக்கு உட்ரு மாமா."

கோதண்டம் மேற்கே பார்த்தான். அங்கே வானம் என்று எதுவும் இல்லை, தார் பூசிய மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் பாடு காத்திருக்காது. இன்றைக்கு விட்டால் அடுத்த சுற்று வரைக்கும் இல்லை. அடுத்த சுற்று வரும்போது தான் ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் நீலச் சட்டை போட்டு நின்று, காருக்கெல்லாம் சலாம் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"எதுக்குடா உட்றது?" என்றான். "நைனா கணக்கு." சொன்ன குரல் அவன் குரல் செய்திகளில் வருகிற குரலாக இல்லை.

பூவரசன் படகில் ஏறிக்கொண்டான். இருவருமாகக் கழி நட்டார்கள், வலை கட்டினார்கள். அது கோதண்டத்தின் ஒரே வலை. அமுதவல்லி மூன்று மாதம் உட்கார்ந்து கண் கண்ணாகச் சரிபார்த்தது.

அந்த இரவைப் பற்றி ஊரில் பிறகு பல விதமாகச் சொன்னார்கள். நடந்தது இதுதான். முதலில் தண்ணீர் ஏறியது. கோதண்டம் அதை அமாவாசை ஓதம் என்றான். பிறகு ஆகாயத்தாமரை வந்தது. ஓதம் கடலிலிருந்து வரும், ஆகாயத்தாமரை கடலில் முளைப்பதில்லை. அவன் மண்டை அதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஏரி முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தங்க ஏரி இல்லாத தண்ணீர், தார்ச்சாலையிலும் சிமென்டிலும் வழுக்கிக்கொண்டு, நிரம்பிய மணல் குழிகளை ஒரே தாவாகத் தாண்டி, அவசர அவசரமாகத் தூக்கிய ஷட்டர்களின் வழியே மொத்தமாக வந்தது. மாதக்கணக்கில் ஓட வேண்டிய ஆறு முழுவதும் அந்த ஒரு இரவில் வந்தது. வலையை அவிழ்க்க முடியவில்லை. கோதண்டம் ஒரு கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். பூவரசன் அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டான். வேட்டி பாதி வந்தது, கோதண்டம் முழுதாக வந்தான். கழி போய்விட்டது.

விடிந்தபோது மழை நின்றிருந்தது. முகத்துவாரம் திறந்திருந்தது. பையன்கள் பைக் ஓட்டிய மணல்மேடு இருந்த இடத்தில், எதிர்க்கரை ஆளின் முகம் தெரியாத அகலத்துக்கு, பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஏரிக்குள் இருந்த இறால் அதோடு போய்விட்டது. குப்பத்தில் பாதி வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். வலை கட்டிய இடத்தில் வளைந்துபோன இரண்டு கழிகள் மட்டும் நின்றன. அவற்றில் ஒரு பெரிய பிளக்ஸ் சுற்றிக்கொண்டு படபடத்தது. 'ஆற்றங்கரை நகர்'. மனைகள் ஒருவழியாக ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தன. முக்கோணக் கொடிக் கயிறு ஒன்று வலையின் கிழிந்த துண்டோடு பின்னிக் கிடந்தது. அந்தத் துண்டில் இறால் இல்லை. வேரோடு பிடுங்கிய பச்சை நெற்பயிர் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தது. கோதண்டம் அதை ஒவ்வொரு கொத்தாக எடுத்துப் படகில் வைத்தான். ஏன் வைக்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை. தருமலிங்கத்துடையதாக இருக்கலாம்.

கரையில் ஊர் கூடி நின்றது. கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தான். செய்தால் நன்றாக இருந்திருக்கும். ஊரார் நியாயமானவர்கள். கார்த்திகைக்குள் ஆறு வரும், முகத்துவாரத்தை உடைக்கும் என்று கோதண்டம் சொன்னான், வந்தது, உடைத்தது. இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் வீட்டுப் பாயைப் பிழிந்துகொண்டே, மனப்பூர்வமாகச் சொன்னார்: "நீ சொன்ன மாரியே வந்துச்சிபா கோதண்டம்." குழுவில் கட்டைவிரல்களும் பூங்கொத்துகளும் வரிசையாக விழுந்தன. கோதண்டம் செல்போனை அணைத்துப் பரண்மேல் வைத்தான்.

அமுதவல்லி வீட்டிலிருந்து தண்ணீரை இறைத்தாள். துணிகளைக் காய வைத்தாள். காய்ந்ததை மடித்து மூட்டை கட்டினாள். தேவகி பள்ளிக்கூடப் பையைத் தானே கட்டி வாசல்படியில் வைத்துவிட்டு, "நைனா, அங்க ஏரி இருக்குமா?" என்று கேட்டாள். கோதண்டம் தெரியாது என்று தலையசைத்தான். ஆறு, ஏரி, மழை என எதைப் பற்றியும் அவன் அப்படித் தலையசைத்து அவள் பார்த்ததில்லை. ஹரிஹரன் போன் பண்ணினார். பாதையில் தண்ணீர் வடிந்துவிட்டதாம், நாளைக்கு வண்டி வரும். அமுதவல்லி கடைசியாகக் குழம்புச் சட்டியையும் சாக்கில் போட்டுக் கட்டினாள். அடுப்பின் மேல் ஒன்றும் இல்லை. கோதண்டம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சாம்பல் ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை அவன் எழுந்தபோது அவள் இல்லை. மூட்டைகள் இருந்தன. பெண்களோடு ஏரிக்குப் போயிருந்தாள். வண்டி வருகிற நேரம்வரை சும்மா இருக்க அவளால் முடியாது. சுவரில் ஆணியில் இரண்டு பறிகள் தொங்கும். ஒன்று இல்லை. இன்னொன்று அவன் மாமியாருடையது, ஓரம் கிழிந்து நரம்பால் தைத்தது. கோதண்டம் வாசலுக்கு வந்து வெளியே பார்த்தான். உள்ளே போனான். மறுபடி வாசலுக்கு வந்தான். மூன்றாவது முறை வந்தபோது கையில் பறி இருந்தது. அதைத் துண்டில் சுற்றி, லாட்டரிச் சீட்டு ஒளிக்கிறவன் மாதிரி அக்குளில் வைத்துக்கொண்டு, ஏரியின் பின்பக்கமாக, சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

யாரும் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இறங்கினான். தண்ணீர் குளிர்ந்து, சேறு புதுசாக, வழுவழுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மண்டி போட்டான். கையைச் சேற்றில் விட்டதும்தான் பறி இன்னும் கையிலேயே இருப்பது தெரிந்தது. அதை எங்கே வைப்பது என்று சுற்றும் பார்த்தான். ஏரியில் ஆணி எதுவும் இல்லை. கவ்விக்கொண்டான். பழைய ஓலை, உப்பும் மாமியார் வெற்றிலையும் கலந்த ஒரு ருசி.

தடவினான். ஒன்றும் இல்லை. தடவினான். ஒரு மனைக்கல் துண்டு தட்டியது, மஞ்சள் பெயின்ட். தள்ளி வைத்துவிட்டுத் தடவினான். வெகுநேரம் கழித்து நடுவிரலுக்கடியில் ஒன்று துடித்தது. அமுக்கினான், நழுவிப் போயிற்று. அடுத்ததை இரண்டு கையாலும் அமுக்கி எடுத்துப் பறியில் போட்டான். அது பறிக்குள் ஒருமுறை துள்ளி அவன் மூக்கில் அடித்தது.

பெண்கள் கூட்டம் தடவிக்கொண்டே அந்தப் பக்கம் நகர்ந்து வந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. செவ்வந்திதான் முதலில் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். எல்லார் வாயிலும் பறி இருந்ததால் யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் விலகி அவனுக்கு இடம் விட்டார்கள், அவ்வளவுதான்.

அமுதவல்லி அவன் பக்கத்தில் வந்து மண்டி போட்டாள். அவன் பறிக்குள் எட்டிப் பார்த்தாள். தன் பறியை வாயிலிருந்து எடுத்து, முன்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் பறியிலும் அடிதான் மறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு குழம்புக்கு வரும், கத்தரிக்காய் நிறையப் போட்டால்.

"அண்ணன் கெளம்பிடும்," என்றாள். "வண்டி வேணாம்னு சொல்லட்டுமா?"

கோதண்டத்திடம் இதற்கு நிறையப் பதில் இருந்தது. மாசியில் அடுத்த சீட்டு எடுப்பார்கள், அதுவரை அடுப்பு எரிந்தால் போதும், வலைக்குப் பூவரசன் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறான், வாய் திறந்திருக்கிறது, கடல் இறால் உள்ளே வரலாம், வராமலும் போகலாம். எதையும் சொல்ல முடியவில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினான். பறியும் கூடவே ஆடியது.

அவள் அவன் முட்டிகளைப் பார்த்தாள்.

"அப்போ முட்டிய சேத்து வெச்சிக்க," என்றாள். "எறா நடுவுல பூந்து பின்னால ஓடிடுது."

கோதண்டம் முட்டியைச் சேர்த்து வைத்துக்கொண்டு தடவினான்.